எண்ணெய் வயலில் பிறந்த காற்றாலை

நார்வேயின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, வட கடலில் டாம்பென் என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே கடலின் ஆழம் 260 முதல் 300 மீட்டர். அத்தனை ஆழத்துக்கு மேலே, தரையில் காலூன்றாமல், பதினொரு காற்றாலைகள் மிதந்தபடி சுழல்கின்றன. ஒவ்வொன்றின் இறக்கை வட்டமும் 167 மீட்டர் விட்டம் கொண்டது. அவை தரும் மின்சாரம் எந்த ஊரின் வீட்டு விளக்குக்கும் போவதில்லை. குல்ஃபாக்ஸ், ஸ்நோரே என்னும் இரண்டு எண்ணெய் வயல்களின் ஐந்து மேடைகளுக்கு அது கடலடிக் கேபிளில் போய்ச் சேர்கிறது. ஹைவிண்ட் டாம்பென் என்பது பெயர். எண்ணெய் மேடைகளுக்கு மின்சாரம் தருவதற்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணை இது.

காற்றும் எண்ணெயும் எதிரெதிர் அணிகள் என்றே பேசிப் பழகிவிட்டோம். இந்தப் பண்ணை பிறந்த கதையைப் பார்த்தால், இதன் வடிவம், இதைக் கட்டிய கைகள், இதன் முதல் வாடிக்கையாளர் எல்லாமே எண்ணெயிலிருந்து வந்திருப்பது தெரியும். உள்நாட்டு எண்ணெயை இன்னும் எத்தனை ஆண்டு எடுப்பது, எப்படி எடுப்பது என்று யோசிக்கும் எந்த நாட்டுக்கும் இதில் படிக்கவேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் தேவை எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். கடலில் ஒரு மேடை எண்ணெயை மேலே கொண்டுவருவதோடு நிற்பதில்லை. பாறைக்குள் அழுத்தம் இறங்கிவிடாமல் இருக்க நீரையும் வாயுவையும் திரும்ப உள்ளே செலுத்த வேண்டும். எண்ணெயோடு வரும் நீரைப் பிரிக்க வேண்டும். வாயுவை அழுத்திக் குழாயில் அனுப்ப வேண்டும். வயலுக்கு வயதாக ஆக, ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஆகும் ஆற்றலும் கூடிக்கொண்டே போகும். இந்த மின்சாரத்தை மேடைகள் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும்: கிணற்றில் வரும் எரிவாயுவில் ஒரு பங்கை மேடை மேலிருக்கும் டர்பைன்களில் எரிப்பார்கள். நார்வேயின் மொத்தப் பசுமை இல்ல வாயு உமிழ்வில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய், எரிவாயுத் துறையுடையது. அதில் பெரும்பகுதி இந்த டர்பைன்களின் புகைபோக்கியில் வெளியேறுவதுதான்.

1991இல் நார்வே இந்தப் புகைக்கு விலை வைத்தது. கடல் மேடைகளில் எரிக்கும் வாயுவுக்குக் கரியமில வரி. ஐ.நா.வின் ஆண்டுதோறும் நடக்கும் பருவநிலை மாநாடுகள் கூடத் தொடங்காத காலம் அது. வரி வந்த ஐந்தே ஆண்டுகளில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஸ்லைப்னர் வயலில் வாயுவோடு கலந்து வந்த கரியமில வாயுவைப் பிரித்து, காற்றில் விடாமல் கடலடிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். ட்ரோல் ஏ மேடைக்குக் கரையிலிருந்தே கேபிள் இழுத்து மின்சாரம் கொடுத்தார்கள். இரண்டும் 1996இல். மேடைப் பொறியாளர்களை அன்றாடம் உறுத்தியது உபதேசமல்ல, இந்த வரிதான் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இனி வடிவத்தின் கதை. கடலில் காற்றாலைகளை மிதக்கவிடலாம் என்ற எண்ணம் புதிதல்ல. அமெரிக்கக் கடற்படையில் பொறியாளராக இருந்து மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்த பேராசிரியர் வில்லியம் ஹெரோனிமஸ் 1970களின் தொடக்கத்திலேயே அதை வரைந்து காட்டிவிட்டார். அப்போது அதைக் கட்டும் கைகள் இல்லை. வட கடல் எண்ணெய்க்காரர்களோ வேறு காரணத்துக்காக மிதக்கும் பொருள்களைக் கட்டிக் கொண்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றுதான் ஸ்பார்: நீருக்குள் செங்குத்தாக ஆழ இறங்கும் நீண்ட உருளை. டாம்பெனுக்கு மேற்கே, எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டனின் பிரென்ட் வயலில் ஷெல் நிறுவனம் 1976இல் நிறுத்திய பிரென்ட் ஸ்பார் எண்ணெயைச் சேமித்துக் கப்பலில் ஏற்ற உதவியது. அதைக் கடலிலேயே மூழ்கடிக்கப் போனபோது, 1995இல் கிரீன்பீஸ் இயக்கத்தினர் அதன் மேல் ஏறி உட்கார்ந்து போராடியது பலருக்கு நினைவிருக்கும். ஐரோப்பாவே கொதித்தது. ஷெல் பின்வாங்கியது. அந்த உருளையைத் துண்டு துண்டாக வெட்டி, நார்வேயில் ஸ்டவாங்கருக்கு அருகே மேக்யார்விக் துறைமுகத்தில் படகுத்துறைக்கு அடித்தளமாக்கினார்கள்.

அதே வடிவத்தைக் காற்றாலைக்குக் காலாக்கலாம் என்று நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தில் 2001 வாக்கில் யோசனை பிறந்தது. அலுமினியம், உரம், எண்ணெய் மூன்றிலும் கைவைத்திருந்த பழைய நிறுவனம் அது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்தால் ஏன் நிமிர்கிறது என்று தெரிந்தவருக்கு இந்தத் தத்துவம் உடனே புரியும்: கனம் முழுவதும் அடியில். உருளையின் கீழ்ப்பகுதியில் கல்லையும் நீரையும் நிரப்பிவிட்டால், மேலே எத்தனை உயரக் கோபுரம் நின்றாலும் அது நிமிர்ந்தே நிற்கப் பார்க்கும். நீருக்குள் ஆழமாக இறங்கியிருப்பதால் மேற்பரப்பின் அலை அதை அதிகம் தூக்கிப் போடுவதும் இல்லை.

நிமிர்ந்து நிற்பது பாதிதான். மீதிப் பாதி எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். காற்று பலமாக அடிக்கும்போது காற்றாலை தன் இறக்கைகளைச் சற்றுத் திருப்பிக் காற்றை நழுவவிடும். மின்சாரம் அளவுக்கு மீறாமல் இருக்க அது தேவை. தரையில் நிற்கும் ஆலைக்கு இதில் சிக்கல் இல்லை. மிதக்கும் ஆலை முன்பக்கம் சாயும்போது, காற்று கூடியதாக அதன் கட்டுப்பாட்டுக் கருவி நினைத்துக்கொள்கிறது. இறக்கைகள் காற்றை நழுவவிடுகின்றன. சாய்வைத் தடுத்து நிறுத்தியிருக்கவேண்டிய தள்ளுவிசை சரியாக அந்த நொடியில் குறைகிறது. பின்பக்கம் சாயும்போது இதற்கு நேர்மாறு. இப்படி ஒவ்வொரு ஆட்டமும் அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். ஹைட்ரோவின் ஆய்வாளர் ஃபின் குன்னார் நீல்சனும் அவருடைய சகாக்களும் இதற்கு விடை கண்டார்கள்: கோபுரத்தின் அசைவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இறக்கைகளின் கோணத்தாலேயே அந்த அசைவைத் தணிக்கும் கட்டுப்பாட்டு முறை. திரோண்ட்ஹைம் நகரின் சோதனைக் குளத்தில் சிறிய மாதிரியை அலைகளுக்கு நடுவே நிறுத்திப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டார்கள்.

2007இல் ஹைட்ரோவின் எண்ணெய்ப் பிரிவு அரசு நிறுவனமான ஸ்டாட்டாயிலோடு இணைந்தது. இந்தக் கனவும் கூடவே போனது. 2009இல் கார்மோய் தீவுக்கு 10 கிலோமீட்டர் அப்பால் 2.3 மெகாவாட் ஆலை ஒன்று மிதக்கத் தொடங்கியது. அந்த அளவில் உலகில் அதுவே முதல். அடுத்து 2017இல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கரைக்கு எதிரே, ஐந்து ஆலைகளோடு 30 மெகாவாட் பண்ணை. 2018இல் ஸ்டாட்டாயில் தன் பெயரை எக்வினார் என்று மாற்றிக்கொண்டது.

தொழில்நுட்பம் கைக்கு வந்துவிட்டது. சொந்த நாட்டில் அதை வாங்க ஆள்தான் இல்லை. நார்வேயின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி அருவிகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் வருவது, மலிவானது, சுத்தமானது. ஆழ்கடலில் மிதக்கும் ஆலையின் விலை கூடிய மின்சாரத்தை அங்கே எந்த ஊர் கேட்கும்? அந்த நாட்டில் மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டும், அதை அழுக்காகவும் உண்டாக்கிக்கொண்டும் இருந்த முக்கியமான இடம் எண்ணெய் மேடைகள்தான். கரையிலிருந்து கேபிள் இழுக்கவும் தூரம். கரியமில வரியோடு 2008 முதல் ஐரோப்பிய உமிழ்வு வணிகத்தின் கட்டணமும் சேர்ந்திருந்தது. எண்ணெயை விட்டு விலகுவதற்கென உலகம் வளர்க்கும் ஒரு கருவிக்கு எண்ணெய் மேடையே முதல் சந்தையானது இப்படித்தான்.

    

கட்டிய விதத்திலும் எண்ணெயின் கை தெரிகிறது. வட கடலில் கான்கிரீட் மேடைகளை வார்த்து, மிதக்கவிட்டு, இழுத்துச் சென்று நிறுத்துவதில் நார்வேக்காரர்கள் தேர்ந்தவர்கள். 1989இல் இழுத்துச் செல்லப்பட்ட குல்ஃபாக்ஸ் சி மேடை சுமார் 15 லட்சம் டன். மனிதர் இடம்பெயர்த்தவற்றிலேயே மிகக் கனமானவற்றுள் ஒன்று அது. அந்தக் கைப்பழக்கமே டாம்பெனுக்கும் வந்தது. முந்தைய ஹைவிண்ட் ஆலைகளின் கால்கள் எஃகு, இங்கே கான்கிரீட். ஸ்டூர்ட் தீவின் உலர்துறையில் அடிப்பகுதியை வார்த்தார்கள். பிறகு ஆழமான ஃபியோர்டுக்கு இழுத்துப் போய், மிதந்த நிலையிலேயே அச்சை மேலே நகர்த்தி நகர்த்தி மீதியை வார்த்தார்கள். குலென் என்ற இடத்தில் கோபுரத்தையும் இறக்கைகளையும் ஏற்றி, நின்ற கோலத்திலேயே கடலுக்கு இழுத்துச் சென்றார்கள். ஆலைக்கு மூன்று சங்கிலி வீதம் 33 நங்கூரம் வேண்டியிருக்கும். பக்கத்து ஆலைகளோடு பங்கிட்டுக்கொண்டு 19லேயே முடித்தது நல்ல சிக்கனம்.

2022 நவம்பரில் முதல் மின்சாரம் குல்ஃபாக்ஸ் ஏ மேடையை எட்டியது. கோபுர எஃகின் தரத்தில் கண்ட குறையால் நான்கு ஆலைகள் தாமதமாகி, அடுத்த ஆண்டுதான் நிறுவப்பட்டன. 2023 ஆகஸ்டில் பட்டத்து இளவரசர் ஹோகோன் திறந்துவைத்தார்.

இனிப் பணம். 500 கோடி குரோனர் ஆகும் என்று தொடங்கிய வேலை சுமார் 740 கோடியில் முடிந்தது. எனோவா என்ற அரசு அமைப்பு 230 கோடி வரை தந்தது. நைட்ரஜன் ஆக்சைடு உமிழ்வுக்காகத் தொழில் நிறுவனங்கள் கட்டணம் செலுத்தும் நிதியிலிருந்து இன்னும் 56 கோடிக்கு மேல். போதாததற்கு, நார்வேயில் எண்ணெய் லாபத்துக்கு வரி 78 சதவீதம். செலவை வரிக்கணக்கில் கழிக்கும்போது அதன் பெரும்பங்கை மக்களின் கருவூலமே ஏற்கிறது. ஆக, இந்தப் பண்ணை பெரும்பாலும் பொதுப்பணத்தில் பிறந்தது.

அதனால் கிடைத்தது என்ன? ஐந்து மேடைகளின் ஆண்டு மின்தேவையில் சுமார் 35 சதவீதம். குறையும் என்று கணக்கிட்ட கரியமில வாயு ஆண்டுக்கு 2 லட்சம் டன். காற்று ஓய்ந்த நாளில் பழைய டர்பைன்கள்தான் ஓடும். மேடையில் எரிக்காமல் மிச்சமாகும் எரிவாயு பாறைக்குள்ளேயே இருந்துவிடுவதுமில்லை. அதை விற்க முடியும்; விற்றது வேறு ஏதாவது நாட்டின் அடுப்பிலோ மின்நிலையத்திலோ எரியும். நார்வே ஏற்றுமதி செய்யும் எண்ணெயும் வாயுவும் எரிந்து விடும் புகை, அந்நாட்டின் சொந்த உமிழ்வைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அந்தக் கணக்கு நார்வேயின் ஏட்டில் ஏறுவதில்லை. எரித்தவர் ஏட்டில் ஏறுகிறது.

உலகம் எண்ணெயை வாங்கும்வரை, அதைக் குறைந்த புகையோடு எடுப்பவர் எடுக்கட்டும் என்று எண்ணெய்த் துறையினர் சொல்வார்கள். 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபின் ஐரோப்பா குளிரில் நடுங்காமல் இருக்க நார்வேயின் வாயு உதவியது உண்மை. இந்த வாதத்தின் பாதியை நான் ஏற்கிறேன். கிணறு ஓடும்வரை மேடை சுத்தமாக இருப்பது நல்லதே. மேடையைச் சுத்தமாக்கினோம் என்பதையே கிணற்றின் ஆயுளை நீட்டக் காரணமாகக் காட்டும்போது அந்த வாதம் கெட்டுப்போகிறது. ஸ்நோரே வயலின் ஆயுள் விரிவாக்கத் திட்டத்தால் 2040ஐத் தாண்டிப் போகிறது. அங்கே காற்றாலை எதற்கு உதவுகிறது என்ற கேள்வி நியாயமானது.

கடலில் காற்றாலை கட்டுவது இன்னும் எளிதாகிவிடவில்லை. ட்ரோல் வயலுக்கருகே டாம்பெனைவிடப் பல மடங்கு பெரிய மிதக்கும் பண்ணையை எக்வினார் 2022இல் அறிவித்தது. செலவு கட்டுப்படியாகாது என்று மறு ஆண்டே கிடப்பில் போட்டது. இப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பது ஹேகசுண்ட் நகருக்கு மேற்கே உள்ள உட்சீரா நூர் பகுதியை. 1,500 மெகாவாட் வரை மிதக்கும் ஆலைகளுக்காக அது திறந்துவிடப்பட்டிருக்கிறது; அரசு ஆதரவுக்கு உச்சவரம்பு 3,500 கோடி குரோனர்.

உட்சீரா நூரின் கேபிள் கரைக்கு வர வேண்டும். கப்பல்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வீடுகளுக்கும் அந்த மின்சாரம் போக வேண்டும். டாம்பெனைப் பொறுத்தவரை என் கோரிக்கை ஒன்றுதான். குல்ஃபாக்ஸும் ஸ்நோரேயும் வற்றும் நாள் வரத்தான் போகிறது. அன்றைக்கு அந்தப் பதினொரு ஆலைகளின் மின்சாரம் எங்கே போகும், கரை வரை 140 கிலோமீட்டர் கேபிளுக்கு யார் பணம் தருவார்கள் என்பதை, மக்கள் பணம் வாங்கிய நிறுவனமும் பணம் கொடுத்த அரசும் மேடைகள் லாபம் தந்துகொண்டிருக்கும் இந்த ஆண்டுகளிலேயே எழுத்தில் ஒப்பந்தமாக்கிவிட வேண்டும்.