வளைகுடா நாடுகளிலிருந்து இந்தியாவுக்குப் பணம் அனுப்புதல்

வளைகுடா நாடுகளிலிருந்து இந்தியாவுக்குப் பணம் அனுப்புதல் என்பது ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், பகுரைன் ஆகிய ஆறு நாடுகளில் பணிபுரியும் இந்தியர்கள் தமது ஊதியத்தின் ஒரு பகுதியைத் தாயகத்தில் வாழும் குடும்பத்தினருக்கு அனுப்பும் நடைமுறையைக் குறிக்கும். இப்பணம் பெரும்பாலும் நாணய மாற்று நிலையங்கள் வழியாக அனுப்பப்படுகிறது. பேச்சு வழக்கில் இவை 'எக்ஸ்சேஞ்சு' எனப்படுகின்றன. வீட்டுச் செலவு, கல்வி, மருத்துவம், கடன் அடைத்தல், வீடு கட்டுதல் ஆகியவற்றுக்கு இத்தொகை பயன்படுகிறது.

உலகில் வெளிநாடுவாழ் மக்களிடமிருந்து மிகுதியான பணம் பெறும் நாடு இந்தியா ஆகும். 2022 ஆம் ஆண்டில் இவ்வரவு 100 பில்லியன் (10,000 கோடி) அமெரிக்க டாலரைக் கடந்தது. இந்த அளவை எட்டிய முதல் நாடும் இந்தியாவே. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வின்படி, 2016-17 இல் ஐக்கிய அரபு அமீரகம் 26.9 விழுக்காட்டுடன் முதலிடத்தில் இருந்தது. 2023-24 இல் 27.7 விழுக்காட்டுடன் அமெரிக்கா முதலிடம் பெற, அமீரகம் 19.2 விழுக்காட்டுடன் இரண்டாமிடத்துக்கு வந்தது. அதே ஆண்டில் மகாராட்டிரம் (20.5%), கேரளம் (19.7%) ஆகியவற்றுக்கு அடுத்ததாகத் தமிழ்நாடு (10.4%) இப்பணத்தைப் பெற்றது.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வளைகுடாவின் பல பகுதிகளில் இந்திய ரூபாயே புழங்கியது. 1959 இல் இந்திய ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கென 'வளைகுடா ரூபாய்' என்னும் தனித் தாள்களை வெளியிட்டது. தங்கக் கடத்தலைத் தடுப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. குவைத் 1961 இல் தனது தினாரை வெளியிட்டது. 1966 இல் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட பின்னர் கத்தார் முதலியனவும் ரூபாயைக் கைவிட்டன. அமீரகத்தின் திர்கம் 1973 இல் அறிமுகமானது.

1973 இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து கட்டுமானப் பணிகள் பெருகின. இந்தியத் தொழிலாளர்கள் பெருமளவில் வளைகுடாவுக்குச் சென்றனர். அக்காலத்தில் நாணய மாற்று நிலையத்தில் வரைவோலை வாங்கி, அதனைப் பதிவு அஞ்சலிலோ ஊருக்குச் செல்பவர் கையிலோ கொடுத்து அனுப்புவது வழக்கமாக இருந்தது. பணம் வீட்டை அடையப் பல நாட்கள் ஆயின.

அந்நாளில் அரசு நிர்ணயித்த மாற்று வீதத்தைவிடக் கள்ளச்சந்தையில் கூடுதல் ரூபாய் கிடைத்தது. தங்க இறக்குமதிக்கும் கடும் கட்டுப்பாடு இருந்தது. இவ்விரு காரணங்களால் உண்டியல் அல்லது அவாலா எனப்படும் முறைசாரா வழி செழித்தது. 1990 இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. 1993 இல் மாற்று வீதம் சந்தைக்கு விடப்பட்டது. இதனால் இரு வீதங்களுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கி, வங்கி வழி வரவு பெருகியது.

செயல்முறை

பணம் அனுப்பும்போது திர்கமோ ரியாலோ நேரடியாக இந்தியாவுக்குக் கொண்டு செல்லப்படுவதில்லை. செல்வது செலுத்தாணை மட்டுமே. இந்திய ரிசர்வ் வங்கி இதற்கென இரு ஏற்பாடுகளை அனுமதித்துள்ளது.

ரூபாய் பற்று ஏற்பாடு: வளைகுடாவின் நாணய மாற்று நிறுவனம் இந்திய வங்கி ஒன்றில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும். வாடிக்கையாளர் அங்கு திர்கம் செலுத்தியதும், அந்நிறுவனத்தின் ரூபாய்க் கணக்கிலிருந்து அதற்கு ஈடான தொகை எடுக்கப்பட்டு, பெறுபவரின் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படும். இம்முறையில் ரொக்கமாகப் பணம் வழங்க அனுமதி இல்லை. குடும்பத்துக்கான தொகைக்கு உச்சவரம்பும் இல்லை.

பணமாற்றுச் சேவைத் திட்டம்: வெசுட்டர்ன் யூனியன், மணிகிராம் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் இந்திய முகவர்களுடன் இணைந்து இம்முறையில் செயற்படுகின்றன. வெசுட்டர்ன் யூனியன் 1871 இல் தந்தி வழியே பணம் அனுப்பும் சேவையைத் தொடங்கிய அமெரிக்க நிறுவனமாகும். அனுப்புபவருக்கு ஒரு கட்டுப்பாட்டு எண் தரப்படும். அதனைத் தொலைபேசியில் கேட்டுக் கொண்ட உறவினர், அடையாளச் சான்றுடன் முகவரிடம் சென்று பணம் பெறலாம். வங்கிக் கணக்குத் தேவையில்லை. இத்திட்டத்தின் வரம்புகள் பின்வருமாறு:

- ஒரு முறைக்கு உச்ச அளவு 2,500 அமெரிக்க டாலர்.
- ஒருவர் ஓர் ஆண்டில் 30 முறை மட்டுமே பெறலாம்.
- 50,000 ரூபாய் வரை ரொக்கமாகப் பெறலாம். அதற்கு மேற்பட்ட தொகை காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோ தரப்படும்.
- சொத்து வாங்குதல், முதலீடு, வணிகம், அறக்கட்டளை நன்கொடை ஆகியவற்றுக்குப் பயன்படுத்த இயலாது.

கட்டணமும் மாற்று வீதமும்

பணம் அனுப்புவதற்கான செலவு இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, பற்றுச்சீட்டில் குறிக்கப்படும் கட்டணம். அமீரகத்தில் இக்கட்டணத்தின் மீது 2018 முதல் 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. இரண்டாவது, சந்தை மாற்று வீதத்துக்கும் நிறுவனம் தரும் வீதத்துக்கும் உள்ள வேறுபாடு. இது பற்றுச்சீட்டில் தனியாகக் காட்டப்படுவதில்லை. எனவே 'கட்டணம் இல்லை' என்று அறிவிக்கப்படும் சேவையிலும் செலவு இருக்கக்கூடும்.

எடுத்துக்காட்டாக, சந்தையில் ஒரு திர்கத்தின் மதிப்பு 23.00 ரூபாய் எனவும், நிறுவனம் தருவது 22.80 ரூபாய் எனவும், கட்டணம் 20 திர்கம் எனவும் கொள்வோம்.

- 500 திர்கம் அனுப்பினால்: வீத இழப்பு 100 ரூபாய், கட்டணம் 460 ரூபாய், மொத்தம் 560 ரூபாய் (ஏறத்தாழ 4.9%).
- 1,000 திர்கம் அனுப்பினால்: வீத இழப்பு 200 ரூபாய், கட்டணம் 460 ரூபாய், மொத்தம் 660 ரூபாய் (ஏறத்தாழ 2.9%).
- 3,000 திர்கம் அனுப்பினால்: வீத இழப்பு 600 ரூபாய், கட்டணம் 460 ரூபாய், மொத்தம் 1,060 ரூபாய் (ஏறத்தாழ 1.5%).

குறைந்த ஊதியம் பெற்றுச் சிறு தொகை அனுப்புபவரே விழுக்காட்டு அடிப்படையில் அதிகச் செலவைத் தாங்குகிறார் என்பது இதிலிருந்து விளங்கும். இரு நிறுவனங்களை ஒப்பிடக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது போதாது. கட்டணம் உட்பட ஒரே தொகையைச் செலுத்தினால் பெறுபவர் கையில் எத்தனை ரூபாய் சேரும் என்பதே சரியான அளவுகோலாகும்.

2030 ஆம் ஆண்டுக்குள் பணம் அனுப்பும் செலவை 3 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் அவையின் வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளுள் ஒன்று. 200 டாலர் அனுப்புவதை அடிப்படையாகக் கொண்ட உலக வங்கிக் கணக்கீட்டின்படி, 2024 இல் உலகச் சராசரி 6 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது.

அமீரகத் திர்கம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 எனவும், சவூதி ரியால் 1986 முதல் 3.75 எனவும் நிலைநிறுத்தப்பட்டுள்ளன. ஆகவே டாலருக்கு எதிராக ரூபாய் சரியும்போது இந்நாணயங்களுக்கும் கூடுதல் ரூபாய் கிடைக்கிறது. அத்தகைய நாட்களில் நாணய மாற்று நிலையங்களில் கூட்டம் பெருகுவது வழக்கம்.

உண்டியல் முறை

இம்முறையில் வளைகுடாவில் உள்ள தரகரிடம் பணம் தரப்படும். அவருடைய கூட்டாளி இந்தியாவில் ரொக்கத்தை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுப்பார். தரகர்கள் தமக்குள் கணக்கைத் தங்கம், வணிகச் சரக்கு முதலியவற்றின் மூலம் பின்னர் நேர்செய்து கொள்வர். நல்ல மாற்று வீதம், விரைவு, ஆவணமின்மை ஆகியன இதன் ஈர்ப்புகள்.

அமீரகத்தில் மத்திய வங்கியில் பதிவு பெற்ற அவாலா முகவர்கள் செயற்படலாம். ஆனால் இந்தியாவில் இது சட்டத்துக்குப் புறம்பானது. 2000 சூன் 1 முதல் நடைமுறையில் உள்ள 1999 ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, அனுமதி பெற்றோர் வழியாக அன்றி வெளிநாட்டில் வசிப்பவர் சார்பில் பணம் பெறுவது குற்றமாகும். தொடர்புடைய தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கப்படலாம். அனுப்பியவர் வெளிநாட்டில் இருக்க, பணத்தைப் பெற்ற குடும்பத்தினர் விசாரணைக்கு உள்ளாக நேரிடும். பணம் வந்து சேராவிட்டால் முறையிடுவதற்குப் பற்றுச்சீட்டும் இராது.

இடர்களும் முன்னெச்சரிக்கைகளும்

கணக்கு எண்: இந்தியாவின் மின்னணுப் பரிமாற்றத்தில் பொதுவாகக் கணக்கு எண்ணின் அடிப்படையிலேயே பணம் வரவு வைக்கப்படுகிறது. எனவே எண் தவறினால், பெயர் சரியாக இருந்தாலும் பணம் வேறொருவர் கணக்கில் சேரக்கூடும். வங்கிக் கிளைக் குறியீடு 11 எழுத்துகளும் எண்களும் கொண்டது. அதன் ஐந்தாம் இடத்தில் இருப்பது சுழியம். ஆங்கில 'ஓ' எழுத்தன்று.

பெயர்: ரொக்கமாகப் பெறுபவரின் பெயர் அடையாள அட்டையில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். தமிழர் பெயர்களில் குடும்பப் பெயர் இன்றித் தலைப்பெழுத்து மட்டுமே இருப்பதால், ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்தும் மற்றொன்றில் தந்தையின் முழுப்பெயரும் அமைந்து சிக்கல் எழுவதுண்டு.

நிறுவனத்தின் நிலை: 1980 இல் அபுதாபியில் தொடங்கப்பட்ட யூ.ஏ.இ. எக்ஸ்சேஞ்சு நிறுவனம், 2020 மார்ச்சில் புதிய பரிமாற்றங்களை நிறுத்தியது. அதன் செயற்பாடுகளை மத்திய வங்கி தனது மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. பெரிய நிறுவனமாயினும் பணம் சேர்ந்ததை உறுதி செய்யும் வரை பற்றுச்சீட்டைப் பாதுகாப்பது தேவை என்பதை இந்நிகழ்வு காட்டியது.

கட்டுப்பாட்டு எண்: இவ்வெண்ணைப் பெறுபவர் தவிர வேறு எவருக்கும் தெரிவித்தல் கூடாது. பரிசு, வேலை, விசா எனக் கூறி முன்பின் அறியாதோர் இவ்வழியில் பணம் கேட்பது பரவலான மோசடி முறையாகும். ரொக்கம் பெறப்பட்டுவிட்டால் அதனை மீட்பது மிகக் கடினம்.

அண்மைய மாற்றங்கள்

2019 திசம்பர் 16 முதல் இந்தியாவின் தேசிய மின்னணுப் பணப் பரிமாற்ற முறை நாள் முழுவதும் இயங்குவதால், விடுமுறை நாட்களிலும் பணம் வரவு வைக்க இயலுகிறது. 2023 பெப்ரவரியில் இந்தியாவின் யூ.பி.ஐ. முறை சிங்கப்பூரின் பேநவ் முறையுடன் இணைக்கப்பட்டது. அமீரகத்தின் உடனடிப் பரிமாற்ற முறையுடன் யூ.பி.ஐ.யை இணைப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் இரு நாட்டு மத்திய வங்கிகளும் 2023 சூலையில் கையெழுத்திட்டன.

இவற்றையும் பார்க்க

- அவாலா
- வளைகுடா ரூபாய்
- நாணய மாற்று வீதம்
- இந்திய ரிசர்வ் வங்கி