செடி சொல்லும் தண்ணீர்ச் சேதி



காட்டிலே ராகியும் சாமையும் துவரையும் போட்டு, அதுக்கே தண்ணி பத்தாம அல்லாடுகிற நமக்கு வீட்டுக்குள்ளே தொட்டிச் செடி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தொட்டிச் செடிக்கு ஒரு பழைய கதை உண்டு. அந்தக் கதை நம் தருமபுரி மாவட்டத்துத் தண்ணீரில்தான் வந்து முடிகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வீட்டோடு செடி வைப்பது நமக்குப் புதிது அல்ல. வாசலில் துளசி மாடம், கிணற்றடியில் கனகாம்பரம், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழை, கைவைத்தியத்துக்கு ஒரு கொத்து கற்பூரவல்லி என்று நம் பாட்டிமார் வைத்திருந்தார்கள். இவை எல்லாம் வெயிலும் காற்றும் பட வளர்கிறவை. கூரை நிழலிலேயே வளரும் செடிகளோ பெரும்பாலும் கடல் தாண்டி வந்தவை.

அந்தக் காலத்தில் கப்பலில் செடி கொண்டு வருவது லேசான காரியம் இல்லை. உப்புக் காற்று அடிக்கும். நல்ல தண்ணீரோ மாலுமிகளுக்கே அளந்துதான் கொடுப்பார்கள். பாதி வழியிலேயே செடிகள் காய்ந்து போகும். 1829-இல் லண்டனில் நதானியேல் வார்டு என்ற டாக்டர், ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்தார். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்த மண்ணில் ஒரு பெரணிச் செடியும் புல்லும் முளைத்திருந்தன. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மண்ணின் ஈரமே ஆவியாகி, கண்ணாடியில் பட்டுத் துளியாகி, திரும்ப மண்ணிலே விழுந்தது. இதைக் கண்டுதான் அவர் கண்ணாடிப் பெட்டி செய்தார். 1833-இல் அப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகள் ஆஸ்திரேலியாவரை உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1860-இல் நம் நீலகிரிக்கு சின்கோனா கன்றுகள் வந்ததும் இப்படிப்பட்ட பெட்டியில்தான்.

இப்போது நம் திண்ணைச் செடிகளுக்கு வருவோம். மணி பிளாண்ட் என்கிறோமே, அதன் பூர்வீகம் பசிபிக் கடலில் தாகித்திக்குப் பக்கத்திலுள்ள மூரியா தீவு. ஒரு கணு உள்ள துண்டைத் தண்ணீரில் போட்டாலே வேர் விடும். கத்தி போல நிமிர்ந்து நிற்கும் ஸ்நேக் பிளாண்ட் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நம் நாட்டுக் கரடுகளில் கிடக்கும் மருள் அதற்குப் பங்காளி முறை. மருள் நாரில்தான் முன்பு வில்லுக்கு நாண் திரித்தார்கள். பத்து நாள் தண்ணீர் மறந்தாலும் இந்தச் செடி கோபிக்காது. ஜாஸ்தி ஊற்றினால்தான் அழுகும். புதிதாகச் செடி வைக்கிறவர்கள் இந்த இரண்டில் ஆரம்பியுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இரண்டையும் குழந்தைகள் வாயிலும் ஆடு மாடு வாயிலும் படாமல் வையுங்கள். மணி பிளாண்ட் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரியும்.

பூ வேணும்னா வெயில் வேணும். ஜன்னலோரம் அரை நாள் வெயில் விழுந்தால் மேசை ரோஜாவோ நித்தியகல்யாணியோ வையுங்கள். நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவுச் செடி. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கிடைப்பதும் இதிலிருந்துதான். அதற்காக வீட்டில் இதை அரைத்துக் குடிக்கக் கூடாது, விஷம்.

மூன்றாவதாக ஒரு செடி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஸ்பைடர் பிளாண்ட். வெள்ளைக் கோடு போட்ட புல்லுக்கட்டு மாதிரி இருக்கும். நீளத் தண்டு விட்டு, நுனியில் குட்டி குட்டியாகத் தொங்கும். வளர்ப்பது சுலபம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நம் பக்கத்தில் இதை வைத்தவர்கள் பலர், "நல்லாத்தான் தண்ணி ஊத்துறேன், இலை நுனி மட்டும் கருகிப் போகுதே" என்று அலுத்துக்கொள்வார்கள்.

காரணம் பல இருக்கலாம். காற்று வறண்டாலும் கருகும், மண்ணில் உப்பு ஏறினாலும் கருகும். இன்னொரு காரணமும் உண்டு: தண்ணீரில் உள்ள புளோரைடு. 1970-களில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அலங்காரச் செடிகளை ஆராய்ந்தவர்கள், ஸ்பைடர் பிளாண்ட், டிரசீனா போன்றவை புளோரைடைத் தாங்காது என்று கண்டார்கள். வேர் உறிஞ்சுகிற தண்ணீரோடு புளோரைடும் இலைக்கு ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகிறது; புளோரைடு போக வழியில்லாமல் நுனியில் தங்கி, நாளாக ஆக அந்த இடத்தைக் கருக்குகிறது.

செடிக்கு ஆவது நமக்கு ஆகாதா? இதை நம் நாட்டில் முதலில் காட்டிக்கொடுத்தவை உழவு மாடுகள். அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் மாடுகள் மூட்டு விறைத்து நடக்க முடியாமல் போயின. அங்கே மனிதர்களுக்கும் எலும்பைத் தாக்கும் இதே நோய் இருப்பதை 1937-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதி வெளியிட்டார்கள். குடிதண்ணீரில் இருந்த புளோரைடே காரணம் என்று தெரிந்தது.

நம் தருமபுரி மாவட்டமும் இந்தக் கஷ்டத்தை நெடுங்காலம் பட்ட பூமி. அடியிலே கிடப்பது பாறை. அந்தப் பாறையில் உள்ள புளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைகிறது. ஏரித் தண்ணீரும் மேல் கிணற்றுத் தண்ணீரும் வற்றி, போர் ஆழம் போகப் போக, பாறையிடுக்குத் தண்ணீரையே நம்பும்படி ஆயிற்று. குழந்தைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாய்க் கறை. பெரியவர்களுக்கு முதுகிலும் முழங்காலிலும் விறைப்பு. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கி வைத்தார்கள். தருமபுரிக்கும், 2004-இல் இதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீர் வந்தது.

ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணியைத்தானே குடிக்கிறோம்? ஆகவே சில விஷயங்களை மனதில் வையுங்கள். புளோரைடுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்திலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, செடியைப் பார்த்தும் முடிவு கட்ட முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

செடிக்கு வழி சுலபம். ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து மூடி வைத்து ஊற்றுங்கள். சூப்பர் பாஸ்பேட் போடாதீர்கள். அதிலும் புளோரைடு உண்டு. மக்கிய எரு போதும். கருகின நுனியைக் கத்தரித்து விட்டு, புதுசாய் வரும் இலையைக் கவனியுங்கள்.

குழந்தைக்கு அப்படி இல்லை. பல்லில் ஒரு தடவை ஏறிய கறை தானாக மாறாது; விறைத்த எலும்பும் திரும்பாது. ஆகவே திண்ணைச் செடியின் இலை கருகினால், செடியை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு புட்டியைச் சுத்தமாகக் கழுவி, வீட்டில் குடிக்கிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள். நெல்லூரில் மாடு சொன்ன சேதியை நம் வீட்டில் ஒரு தொட்டிச் செடி சொன்னால், அந்தச் செடிக்கு ஊற்றின தண்ணீர் வீண் போகவில்லை.