அழிப்பாங்கதை போடலாம் வாங்க

விடுகதைக்கு எங்க கரிசக்காட்டுப் பக்கம் அழிப்பாங்கதைன்னு பேரு. யாழ்ப்பாணத்துல நொடின்னு சொல்றாங்க. தொல்காப்பியர் இதைப் பிசின்னு சொல்லி, செய்யுளியல்ல ரெண்டு வகையாவே பிரிச்சிருக்கார். உவமை காட்டி மறைக்கிறது ஒண்ணு. சொல்ற சொல்லை வச்சே பொருளைக் கண்டுபிடிக்க விடுறது இன்னொண்ணு. இலக்கண நூலுக்குள்ளயே இடம் பிடிச்ச விளையாட்டுங்க இது.

திண்ணைப் பள்ளிக்கூடத்துலயும் சொல் விளையாட்டு உண்டு. 1855-ல பிறந்த உ.வே.சாமிநாதையர், தான் படிச்ச காலத்தை 'என் சரித்திரம்' புத்தகத்துல எழுதியிருக்கார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாத்தியார் ஆளுக்கொரு பூ, பறவை, ஊர்னு பேர் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில மறக்காம வந்து சொல்லணும். ஞாபகசக்திக்கான பயிற்சி. செலவு ஒரு பைசா கிடையாது.

கடைசி எழுத்துல அடுத்த சொல்லை ஆரம்பிக்கிற விளையாட்டு உங்களுக்கும் தெரியும். இது அந்தாதிக்குத் தம்பி முறை. பதிற்றுப்பத்துல நாலாம் பத்து பூராவும் அந்தாதிதான். ஆனா எங்க ஊர்ல ஊர்ப்பேரை வச்சு விளையாண்டா சீக்கிரம் முட்டிக்கிடும். கோவில்பட்டி, அந்தப்பட்டி, இந்தப்பட்டின்னு எல்லாம் 'டி'யில முடியும். தமிழ்ச் சொல் எதுவும் 'டி'யில ஆரம்பிக்காது. இப்ப உள்ள பிள்ளைக டிக்கெட், டிபன்னு சொல்லித் தப்பிச்சிடுதுக!

எனக்குக் கவலை அழிப்பாங்கதை மேலதான். அது வாழணும்னா அது சொல்ற பொருளும் கண்ணு முன்னால இருக்கணும். கமலை போச்சு, குலுக்கை போச்சு, உரல் திண்ணையோரம் கவுந்து கிடக்கு. விடையே இல்லாமப் போனா கேள்வியை வச்சு என்ன செய்ய?

போன லீவுக்கு சென்னையில இருந்து வந்த பேரன்கிட்ட நான் ஒண்ணு போட்டேன்.

"வெறும் வயிறா இறங்குவான், நிறை வயிறா ஏறுவான், வாலு வழியாக் கக்குவான். யாரு?"

"லிப்ட்டு தாத்தா!"

தப்புன்னு சொல்ல முடியலை. பாதி சரியாத்தான இருக்கு? "அப்ப வாலு எங்கடா?"ன்னேன். முழிச்சான்.

கமலைக் கூனைன்னு சொன்னேன். மாடு பின்னால வரும்போது கூனை கிணத்துக்குள்ள இறங்கும். முன்னால இழுக்கும்போது தண்ணியோட மேல வரும். பின்னால தொங்குற தோல் தும்பி வழியா தண்ணி கொட்டும். மோட்டார் வந்தபிறகு இதெல்லாம் ஓரங்கட்டியாச்சு. "காட்டுங்க தாத்தா"ன்னான். தொழுவத்துல துருப்பிடிச்ச கூனை மட்டும் கிடந்துச்சு. தும்பியை எலி தின்னுட்டு. அதுக்குள்ள கையை விட்டு, தலையை விட்டு, அரைமணி நேரம் பார்த்தான்.

ராத்திரி சாப்பிடும்போது அவனே ஒண்ணு கட்டிச் சொன்னான்:

"கையில முழிச்சிருப்பான், சுவத்துல சாப்பிடுவான், வயிறு காலியானா செத்துப் போவான், வாயில வச்சா பொழைச்சுக்குவான்."

நான் அழிச்சுட்டேன். நீங்க அழிங்க பார்ப்போம்.