பாலியின் வடகரை: ஓர் ஆறு மாறிய அளவினை அளத்தல்

சைவத் திருமுறைகளில் வடதிருமுல்லைவாயில் எனப்படும் பதி, சென்னைக்கு மேற்கே அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே இந்நாளில் திருமுல்லைவாயில் என வழங்கும் ஊரேயாகும். சீகாழியை அடுத்து, ஞானசம்பந்தர் பாடல்பெற்று விளங்கும் தென்திருமுல்லைவாயிலின் வேறென அறிதற்பொருட்டு இது ‘வட’ என்னும் அடை பெற்றது. இப்பதிக்குரிய சுந்தரர் பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. அதன்கண் ஒரு பாடல், இவ்வூர் பாலி என்னும் ஆற்றின் வடகரைக்கண் உள்ளது என்று கூறுகின்றது. பாலி என்பது பாலாறு. ஆயின் இன்றைய பாலாறு காஞ்சிக்குத் தெற்கே ஓடி, செங்கற்பட்டைக் கடந்து, வாயலூர்க்கு அருகே கடலிற் கலக்கின்றது. திருமுல்லைவாயிலினின்று நேர்க்கோட்டில் அளப்பின், அவ்வாற்றின் மிக அணித்தாய பகுதியும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தென்மேற்கே உள்ளது. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆற்றின் கரையிலே ஓர் ஊர் இருத்தல் யாங்ஙனம்?

இம்முரண் இன்று புதிதாகக் கண்டதன்று. கொசத்தலையாற்றுக்கு விருத்த க்ஷீரநதி, அதாவது பழைய பாலாறு, என்றொரு வடமொழிப் பெயர் உண்டு. பாலாறு பண்டு வடக்கே கொசத்தலையின் வழியே ஓடிற்று என்றும், பின்னர்த் தெற்கே பெயர்ந்தது என்றும் கூறுவது நெடுநாளாக வழங்கும் கருத்து. 1970கள் முதல் செயற்கைக்கோட் படங்கள் கிடைத்தபின், காவேரிப்பாக்கத்திற்குக் கிழக்கே பழைய ஆற்றுத்தடங்கள் புலப்பட்டமையின், நிலவியலாரிடையேயும் அக்கருத்து வலுப்பெற்றது. ஆறு மாறிற்று என்பதில் எமக்கு ஐயமில்லை. எவ்வளவு மாறிற்று என்பதற்கு இலக்கியமும் சாசனமும் யாது விடை தருகின்றன என்பதும், அவ்வாறு வினவுங்கால் நாம் எதனை அளக்கின்றோம் என்பதுமே ஈண்டு ஆராயப்படும்.

மாறும் பொருளை அளத்தற்கு மாறாத குறி ஒன்று வேண்டும். மாசிலாமணியீசர் கோயில் அத்தகையதொரு குறியாகும். தூங்கானைமாட வடிவில் அமைந்த விமானமும் சோழர் காலக் கல்வெட்டுகளும் உடைய அத்திருக்கோயில் இடம் மாறியதென்று கருதுதற்குச் சான்றில்லை. கோயிலாயினும் எல்லாக் காலத்தும் நிலைக்குறியாதல் இல்லை என்பதனையும் இவ்விடத்தே நினைதல் வேண்டும். சேக்கிழார் கூறும் முறைப்படி, சுந்தரர் ஒற்றியூரை நீங்கிக் கண்ணொளி இழந்து வடதிருமுல்லைவாயிலை வழிபட்ட பின்னர்ச் சென்ற பதி திருவெண்பாக்கம். அது கொசத்தலையாற்றை அடுத்திருந்த ஊர். 1944இல் நிறைவெய்திய பூண்டி நீர்த்தேக்கத்தின் பொருட்டு அப்பழம்பதி நீருள் மூழ்க, திருக்கோயில் பெயர்க்கப்பெற்று வேறிடத்தே எழுப்பப்பெற்றது. இன்று அக்கோயிலின் நிலையைக்கொண்டு பழைய ஆற்றின் கரையை அளக்கப் புகுவார், தம் அளவுகோலே இடம் பெயர்ந்தமை அறியாதவராவர்.

நிலைக்குறி அமைந்தபின் திசையைக் காண்போம். இன்றைய கொசத்தலையாறு திருமுல்லைவாயிலுக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சேய்மையில் ஓடி எண்ணூரில் கடலை அடைகின்றது. எனவே அவ்வாற்றை நோக்க இவ்வூர் தென்கரையிலுள்ளதாகுமேயன்றி வடகரையிலுள்ளதாகாது. பாலியைக் கொசத்தலையோடு ஒன்றெனக் கொள்வார் பலரும் இவ்வொரு சொல்லை நின்று நோக்காது கடந்து செல்கின்றனர். பதிகம் கூறும் திசைக்குப் பொருந்துவது கூவமே. திருவேற்காட்டின் வழியே ஓடும் அவ்வாறு, திருமுல்லைவாயிலுக்குத் தெற்கே ஐந்தாறு கிலோமீட்டர் அளவிலேயே உள்ளது. கூவத்தின் தொடக்கம் கேசவரம் அணைக்கட்டு. அங்குக் கொசத்தலையின் நீரே இரண்டாகப் பகுக்கப்படுகின்றது. ஆகவே பாலாற்று நீர் கொசத்தலையின் மேற்பகுதியை எய்துமாயின், அது கூவத்தின் வழியே திருமுல்லைவாயிலின் தென்புறத்தை அடைதற்குத் தடையில்லை. பதிகத்தின் பாலி, பாலாற்று நீர் வந்த காலத்துக் கூவமே என்பது எம் கருத்து.

இதற்கு இரண்டு தடைகள் எழும். காவிரியின் வடகரைப் பதிகள் என்று சைவர் தொகுத்துக் கூறும் வரிசையில் தில்லையும் அடங்கும். அப்பதிக்கும் காவிரிக்கும் இடையே கொள்ளிடமே கிடக்கின்றது. எனவே வடகரை என்பது ஆற்றின் வடக்கேயுள்ள நிலப்பரப்பு முழுவதையும் குறிக்கலாம் என்பது முதல் தடை. இது வலியுடைத்து. ஆயினும் அவ்வரிசை பதிகங்களைத் தொகுத்தோர் பின்னாளில் வகுத்தது. பாடலுக்குள்ளே கரை என்று வருமிடங்களில் அணித்தாய ஆற்றங்கரையையே பெரும்பாலும் காண்கின்றோம். அன்றியும், அணுக்கத்தே கூவமும் அடையாறும் கிடப்ப, அவற்றை விடுத்து ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆற்றினைக் கூறி ஊரை அடையாளப்படுத்துதல் இயல்பன்று.

இரண்டாவது தடை: அப்பாடலின் வருணனை மரபு பற்றியது. மலைபடு பொருளாகிய அகிலும் சந்தனமும் மயிற்பீலியும் யானைக்கோடும், கடல்படு பொருளாகிய முத்தும் பவளமும் ஒருங்கே அடித்துவரும் ஆறாகப் பாலி அதன்கண் பேசப்படுகின்றது. மலையினின்று வரும் ஆறு பவளக்கொடியைச் சுமந்து வருதல் கவிமரபேயன்றிக் கண்கூடன்று. உண்மை. அதனாலேயே யாம் அப்பொருள்களைச் சான்றாகக் கொண்டிலேம். எவ்வாற்றுக்கும் பொருந்தும் வருணனை எதற்கும் சான்றாகாது. ஓர் ஊர்க்கே உரிய திசைச்சொல் சான்றாகும். இலக்கியத்தினின்று வரலாறு காண்பார் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

இனிக் காலம். சுந்தரர் தம் பதிகத்தொகையுள் போற்றும் காடவர்கோன் கழற்சிங்கன் யாவன் என்பது பற்றி அறிஞர் வேறுபடுவர். கி.பி. 700 முதல் 728 வரை ஆண்ட இராசசிம்மனே அவன் என்பாரும், 9ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட மூன்றாம் நந்திவர்மனே என்பாரும் உளர். முன்னதைக் கொள்ளின் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 1,300 ஆண்டு. பின்னதைக் கொள்ளின் ஏறத்தாழ 1,170 ஆண்டு. 50 கிலோமீட்டரை இவற்றால் வகுப்பின் ஆண்டுக்கு 38 மீட்டர் என்றோ 43 மீட்டர் என்றோ விடை வரும். கணக்குப் பிழையன்று, ஆயின் அவ்விரு எண்களும் ஒரு பயனும் தாரா. கழற்சிங்கன் யாவன் என்னும் வழக்குத் தீர்ந்தாலும் தாரா. யாதோ ஓராண்டில் பாலாறு 38 மீட்டர் நகர்ந்தது என்று எவரும் நம்பார்.

பீகாரில் ஓடும் கோசி ஆறு இதனைத் தெளிவாக்கும். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி 1950கள் வரையில் அது மேற்கு நோக்கி 100 கிலோமீட்டருக்கு மேல் பெயர்ந்தது. சராசரி காண்பின் ஆண்டுக்கு ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் ஆகும். ஆனால் ஆறு அங்ஙனம் ஆண்டுதோறும் ஒழுங்காக நடந்து செல்லவில்லை. வண்டலும் மணலும் படிந்து தன் படுகை உயர்ந்தபோதெல்லாம், தாழ்ந்து கிடந்த மற்றொரு தடத்திற்குத் தாவிற்று. இடையிடையே பல்லாண்டுகள் ஓரிடத்தே நின்றது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நேபாளத்துக் குசகா என்னுமிடத்தே கரை உடைந்தது. உடைத்துச் சென்ற வெள்ளம் இருநூறு ஆண்டுகளில் கடந்த தொலைவையெல்லாம் கிழக்கே மீண்டு, பழைய தடத்திலே பாய்ந்தது. அன்று சராசரி கண்டவர் எண் யாதாயிற்று? தாவிச் செல்லும் பொருளின் மாற்றத்தைத் தொலைவைக் காலத்தால் வகுத்து அளத்தல் ஆகாது என்பது தெற்றென விளங்கும்.

பாலாறும் ஒருமுறை தாவிற்று என்றேனும் கூறலாமோ எனின், அதற்கும் சாசனங்கள் இடந்தரவில்லை. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனுடைய கூரம் செப்பேடு, பாலாற்றினின்று தோண்டப்பெற்ற பெரும்பிடுகு என்னும் காலினைக் குறிக்கின்றது. கூரம் காஞ்சிக்கு வடக்கேயுள்ளது. இன்றைய பாலாறோ காஞ்சிக்குத் தெற்கே ஓடுகின்றது. ஆறு அன்று வடக்கே அணித்தாக ஓடிற்று என்று இதனால் துணிதல் கூடாது. மேற்கே நெடுந்தொலைவில் தலைப்பெய்த கால் ஒன்று நிலச்சரிவைப் பின்பற்றிக் கூரத்தை எய்தியிருத்தலும் இயலும். இதனினும் தெளிவுடையது திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடமாதலின் அப்பெயர் பெற்ற அவ்வூரில், ஆதுலர்சாலையும் கல்விச்சாலையும் பற்றிக் கூறும் வீரராசேந்திரன் கல்வெட்டு உள்ளது. அது 1060களில் எழுந்தது. ஆகவே 11ஆம் நூற்றாண்டிலேயே பாலாறு தன் இன்றைய தென்தடத்தில் ஓடி அக்கூடலில் கலந்தது என்பது உறுதி.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த கலிங்கப்போரைப் பாடும் கலிங்கத்துப்பரணி மற்றொரு புதிரைத் தருகின்றது. குலோத்துங்கன் காஞ்சியில் வீற்றிருந்து ஆணையிட, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் வடக்கே சென்ற படை கடந்த ஆறுகளை நிரல்படக் கூறுமிடத்தில், முதற்கண் பாலாறும் அதனையடுத்துக் குசைத்தலையும் வேறுவேறாக வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் வெவ்வேறு ஆறுகளாக அன்றே கருதப்பட்டமை இதனாற் பெறப்படும். ஆனால் காஞ்சியினின்று வடக்கே செல்லும் படை இன்றைய பாலாற்றைக் கடக்க வேண்டுவதில்லை. படை ஆற்றின் தென்புறத்தே திரண்டது எனலாம். சோணாட்டினின்று வடக்கே வரும் வழியின் ஆற்றுவரிசையைச் சயங்கொண்டார் அவ்வாறே எடுத்துக்கொண்டார் எனலும் ஆம். அன்றிக் காஞ்சிக்கு வடக்கேயும் பாலாறு என்னும் பெயரோடு ஒரு கிளை ஓடிற்று எனவும் கொள்ளலாம். மூன்றனுள் இறுதியதே திருமுல்லைவாயிற் பதிகத்தோடு இயைந்து வருகின்றது என்பதனை மட்டும் ஈண்டுக் குறிப்போம். பரணி ஒன்றைக்கொண்டு அதனை நிறுவுதல் சாலாது.

இவற்றையெல்லாம் ஒருங்குவைத்து நோக்கின், பாலாறு ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்திற்குப் பெயர்ந்தது என்பதனினும், ஒரே காலத்தில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்தோடிய ஆற்றில் நீரின் பங்கு மாறிற்று என்பதே பொருந்துவதாகும். வடகிளையின் பங்கு குறைய, அதன் மேற்பகுதி கொசத்தலை என்னும் தனிப்பெயரோடு நின்றது. தென்கிளையின் பங்கு மிக, பாலாறு என்னும் பெயர் அதற்கே உரியதாயிற்று. அங்ஙனமாயின் நாம் அளக்க வேண்டுவது தொலைவன்று, பங்கு. ஐம்பது கிலோமீட்டர் என்பது இரண்டு தடங்களுக்கு இடைப்பட்ட நிலத்தின் அளவேயன்றி ஆறு மாறிய அளவன்று.

இது வெறும் ஊகமன்று என்பதற்கு இன்றைய நீர்வழியே சான்று. வாலாசாப்பேட்டையை அடுத்த பாலாற்று அணைக்கட்டினின்று பிரியும் கால் காவேரிப்பாக்கத்து ஏரியை நிரப்புகின்றது. அவ்வேரியின் மிகைநீர் கொசத்தலையிற் சேர்ந்து பூண்டியை அடைகின்றது. பூண்டியினின்று கால்வாய் வழியே சோழவரத்தையும், திருமுல்லைவாயிலுக்கு வடக்கே கிடக்கும் புழல் ஏரியையும் எய்துகின்றது. பாலாற்றையும் கொசத்தலையையும் பிரிக்கும் மேட்டுநிலம் எத்துணைத் தாழ்ந்தது என்பதற்கு இதனினும் விளக்கம் வேண்டா. பண்டு வெள்ளம் தானே செய்த பகுப்பினை இன்று மதகுகள் செய்கின்றன. வேறுபாடு யாதெனின், மதகின்கண் செல்லும் நீரை நொடிக்கு இத்துணைக் கனஅடி என்று அளந்து ஏட்டில் எழுதுகின்றோம். பழைய பங்கிற்கு அத்தகைய ஏடு இல்லை.

பங்கினை அளத்தலில் மற்றொரு இடர்ப்பாடும் உண்டு. பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரிற் பிறந்து இந்நிலத்தை நன்கறிந்த சேக்கிழார், திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தில் பாலியைக் கூறுமிடத்து, வேனிலில் உழவர் மணலை அகழ ஊறிவரும் நீர் கால்வழியே வயலை எய்தும் என்கின்றார். 12ஆம் நூற்றாண்டிலேயே அவ்வாறு வேனிலில் மணலுக்கு அடியில் ஓடும் ஆறாக இருந்தது என்பது இதனாற் புலனாகின்றது. மேலே நீர் காணாமையால் ஆறு வற்றிற்று எனல் ஆகாது. கூவத்தின் மேற்பரப்பில் நீர் அருகிய காலத்தும் அடிமணலில் பாலாற்று நீர் ஊர்ந்து வந்திருக்கலாம்.

எனினும் வழியில்லாமல் இல்லை. 1985இல் கண்டறியப்பெற்ற முறை ஒன்றால், புதையுண்ட மணற்பரல் இறுதியாகக் கதிரொளி கண்ட காலத்தைக் கணிக்க இயலும். கேசவரத்திற்கும் திருவேற்காட்டிற்கும் இடையே கூவத்தின் இருமருங்கும் கிடக்கும் மணலின் அகலத்தையும் தடிப்பையும் அளந்து, அதன் காலத்தையும் கணித்து, அவ்வாறே கொசத்தலையிலும் இன்றைய பாலாற்றிலும் கண்டு ஒப்பிடின், எந்நூற்றாண்டில் எத்தடம் பெருவெள்ளம் பெற்றது என்பது துலங்கும். ஆவடியும் அம்பத்தூரும் திருமுல்லைவாயிலும் இன்று மனைகளாலும் தொழிற்கூடங்களாலும் நிறைந்துவிட்டன; அகழ்ந்து காணத்தக்க நிலம் ஆண்டுதோறும் சுருங்குகின்றது. ஆதலின் இது காலந்தாழ்த்தற்குரிய வேலையன்று.

அது நிலவியலார் பணி. தமிழ் மாணவர் செய்தற்குரிய பணி ஒன்றும் உண்டு. நிலத்தை விற்றோரும் கொடுத்தோரும் சாசனங்களில் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என நான்கெல்லையும் கூறுதல் சோழர்கால வழக்கு. புழற்கோட்டத்தும் அதனைச் சூழ்ந்த கோட்டங்களிலும் கிடைத்துள்ள கல்வெட்டுகளின் எல்லைப் பகுதிகளை மட்டும் திரட்டி, ஆறு, கால், ஓடை என்னும் சொற்கள் வருமிடங்களை ஆண்டு முறையாக நிரல்படுத்தினால், எந்த ஊர்க்கு எப்புறத்தே எப்பெயரோடு நீர் ஓடிற்று என்பதற்கு ஒரு படம் வரையலாம். பதிப்பாசிரியர் பலரும் அரசன் பெயரையும் கொடையின் அளவையும் குறித்துவிட்டு, எல்லை கூறும் வரிகளைச் சுருக்கி விடுகின்றனர். மூலப்படிகளையே நாடுதல் வேண்டும்.