பெலூம் காட்டைக் காத்தது எது?

1996இல் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டபோது, தோட்ட நிலம் சில்லு ஆலைகளுக்கு வழிவிட்டது. அங்கிருந்து பாலிங் வழியாகக் கிழக்கே போய் கிரிக்கைத் தாண்டினால், ராயல் பெலூம் மாநிலப் பூங்காவின் 117,500 ஹெக்டேர் காடு இன்னும் நிற்கிறது. இரண்டு வட்டாரங்களும் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுக்கு எதிராக 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலப் போரைக் கண்டவை. பெலூமைக் காப்பாற்றியது அந்தப் போர்தான் என்று பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

அந்தப் பாதிக்குச் சான்றுகள் உண்டு. 1951இல் சுங்கை பட்டாணியில் கூர்க்கா படையின் பயிற்சி முகாம் அமைந்தது; 1971இல் அது ஹாங்காங்குக்கு மாறியது. 1952 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் பெலூம் பள்ளத்தாக்கில் பாராசூட்டில் இறங்கினர். பின்னர் கம்யூனிஸ்டுகள் தாய்லாந்து எல்லைக்குப் பின்வாங்கியதால், 1989 டிசம்பரில் ஹட்ஜாய் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை எல்லைக்காடு அபாயப் பகுதியாகவே இருந்தது. மரம் வெட்டுவோர் நெருங்கத் தயங்கினர். யானைக்கும் இருவாச்சிக்கும் இடம் மிஞ்சியது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் மனிதர்கள். காட்டுக்குள் அரிசி போய்ச் சேரக்கூடாது என்பதற்காகத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் கம்பிவேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நம் பாட்டன் பாட்டிகளின் அன்றாடமாயின. போர் காட்டை வளர்த்தது என்று மெச்சுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடக்கூடாது.

எட்டாத மலைக்காடு என்பதால்தான் பெலூம் பிழைத்தது, போருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வாதிடலாம். தெற்கே ஒட்டியே இருக்கும் தெமெங்கோரைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. அதே மலை, அதே போர். அங்கே மரவெட்டு புகுந்தது. பெலூமோ 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் பதிவானது. போர் தந்தது அவகாசம் மட்டுமே; அதைக் காவலாக மாற்றியது சட்டம். பெர்லின் அருகே டோபெரிட்ஸ் படைப்பயிற்சி நிலத்திலும் இதுவே நடந்தது. சோவியத் படை போனபின், 2004இல் சீல்மன் அறக்கட்டளை அதை வாங்கிக் காட்டெருதுகளை விட்டதால்தான் அது இயற்கை நிலமாக நீடிக்கிறது. கூலிமின் தோட்டங்களும் காடாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவை ஏற்கெனவே பயிர் நிலங்கள். என் கவலை உலு முடா காட்டைப் பற்றியது. கெடா, பினாங்கு மக்கள் குடிக்கும் முடா ஆறு அங்கேதான் பிறக்கிறது. அந்தக் காட்டுக்கு ஒதுக்குக்காடு என்ற பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரின் கீழ் மரம் வெட்டவும் உரிமம் கொடுக்க முடியும்.