கடை வாசலில் நின்றவர்கள்

ஆற்காட்டுப் பக்கம் ‘கடை’ என்று மட்டும் சொன்னால் போதும். “அவரு கடைக்குப் போயிருக்காரு” என்று ஒரு பெண் சொல்லும்போது யாரும் மளிகைக் கடையை நினைப்பதில்லை. கள்ளுக்கடை, சாராயக்கடை, பிராந்திக்கடை, டாஸ்மாக் என்று பலகை மாறிக்கொண்டே வந்த அந்த இடத்தின் வரலாறு பெரும்பாலும் அரசின் வருமானக் கணக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. வாசலில் நின்ற பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை.

உள்ளே பெண்ணே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. நாற்று நட்டு, மூட்டை சுமந்து களைத்த உழைக்கும் சாதிப் பெண்கள் கள் குடித்தார்கள். வாசலோரம் சுண்டலும் வறுத்த மீனும் விற்றவர்களும் பெண்கள்தான். அந்தக் கூடைக்காரி இல்லாமல் கள்ளுக்கடை ஏது? பெண் குடிப்பதை ‘குடும்பப் பெண்’ணுக்கு ஆகாத காரியமாக்கிய பார்வை மேலிருந்து வந்தது. மதுவிலக்குப் பிரச்சாரம் அவளுக்கு இரண்டே வேடங்களைத் தந்தது: அழுகிற மனைவி, மறியல் செய்கிற தாய். 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கியது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் கூடைக்காரியின் பிழைப்பு என்னவாயிற்று என்று கேட்டவர்கள் குறைவு.

ராஜாஜி அரசு 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, சித்தூர், கடப்பை வழியாக 1939-இல் வட ஆற்காட்டுக்கு வந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட அதே ஆண்டு விற்பனை வரி பிறந்தது. கணவனின் குடி நின்றதற்கான விலையில் ஒரு பங்கைப் புடவை வாங்கியவளும் கொடுத்தாள் என்று நான் இதை வாசிக்கிறேன். அதற்கும் ஆயுள் கெட்டியில்லை. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி கடைகளை மறுபடி திறந்தது. 1948-இல் மாகாணம் முழுக்க மூடினார்கள், 1971-இல் திறந்தார்கள், 1974-இல் மூடினார்கள், 1981-இல் மீண்டும் திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் வந்தது. 1987-இல் கள்ளும் சாராயமும் போயின. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கையில். இத்தனை திறப்பிலும் மூடலிலும் எந்தப் பெண்ணிடம் கேட்டார்கள்?

இன்றைய பாரின் ஏற்பாடு வேடிக்கையானது. சரக்கு விற்பது அரசு. ஒட்டியுள்ள பாரைத் தனியார் ஏலம் எடுக்கிறார். ஏலத்தில் அவருக்குக் கிடைப்பது தின்பண்டம் விற்கும் உரிமை. அந்தக் காலக் கூடைக்காரியின் தொழில்தான், டெண்டர் ஆகிவிட்டது. அவள் மட்டும் அதில் இல்லை.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றச் சொன்னது. அடுத்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் சென்னை–பெங்களூரு சாலையைப் பிடித்து வளர்ந்த ஊர்கள். இப்படிப்பட்ட ஊர்களில் சாலையை விட்டு விலகுவதென்றால் தெருவுக்குள் நுழைவது என்று பொருள். குடியிருப்புகளுக்குள் கடை வர, மாநிலம் முழுக்கப் பெண்கள் முற்றுகையிட்டார்கள், சில இடங்களில் பாட்டில்களை உடைத்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறித்த பெண்ணைக் காவல் அதிகாரி அறைந்ததை நாடே காணொளியில் பார்த்தது. அந்தப் பெண்கள் கேட்டது ஒழுக்கத்தை மட்டுமல்ல. இருட்டிய பிறகு பயமில்லாமல் வீட்டுக்கு நடந்துவரும் தெருவையும் கேட்டார்கள்.

ஆம்பூரில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. இங்கே ஷூ கம்பெனிகளில் மேல்பாகம் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி வண்டியில் வந்து போகிறார்கள். ஆம்பளை கூலி கடையில் கரைய, வீட்டை இவர்கள் சம்பளம் தாங்குகிற குடும்பங்கள் எத்தனையோ. தாங்குகிறவளுக்கு வேலை முடிந்து உட்கார ஓர் இடம் இருக்கிறதா? பிரியாணிக் கடையில் ‘பேமிலி ரூம்’ உண்டு. ஆனால் அதற்குக் குடும்பத்தோடு போக வேண்டும். பாரை விடுங்கள், டீக்கடை பெஞ்சுகூட ஆண்களுடையது. அங்கேதான் பேப்பர் படிக்கிறார்கள், வேலைக்கு ஆள் பேசுகிறார்கள், அரசியல் பேசுகிறார்கள்.

சாயங்காலம் ஷிப்டு விட்டதும் வண்டிகள் சாலையோரம் நிற்கும். ஒருத்தி மட்டும் இறங்கி, பெஞ்சைப் பார்க்காமல், “அண்ணா, ஆறு டீ பார்சல்” என்பாள். சூடான பையைத் துப்பட்டா முனையில் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடுவாள். வண்டிக்குள் காகிதக் கப்புகள் கை மாறும். டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் குடித்துவிட வேண்டும்.