'ஷல்' என்றால் கடன்!

பிசினஸ் லா புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'ஷல்'. பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? 'ஐ', 'வீ' வந்தால் 'ஷல்', மற்றதுக்கெல்லாம் 'வில்'. எதிர்காலம், அவ்வளவுதான். ஆனால் சட்டத்தில் 'தி கம்பெனி ஷல்' என்று வந்தால் அது எதிர்காலம் இல்லை, கட்டளை! ஒரே வார்த்தைக்கு ஏன் இந்த இரட்டை வேடம்? தேடினால் கதை ஆயிரம் வருடம் பின்னால் போகிறது.

பழைய ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல்லுக்கு 'கடன்பட்டிருக்கிறேன்' என்றும் அர்த்தம் உண்டு. நிஜமான பணக்கடன்தான். லூக்கா நற்செய்தியில் ஒரு கணக்குப்பிள்ளை கதை வரும். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும், முதலாளியின் கடனாளிகளைக் கூப்பிட்டு "நீ எவ்வளவு பாக்கி?" என்று கேட்டு, தொகையைக் குறைத்து எழுதச் சொல்வான். (நம் பாஷையில் ஃப்ராடு!) 10-ம் நூற்றாண்டு வாக்கில் வந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில், அந்தக் கேள்வியில் 'பாக்கி' என்பதற்கு இருப்பது இதே சொல்தான். இதன் உறவுச்சொல்லான ஜெர்மன் 'ஷூல்ட்'டுக்கு இன்றும் கடன், குற்றம் என இரண்டு அர்த்தம்.

நமக்கு இது புதிதா என்ன? பேங்கில் வாங்குவதும் கடன், நன்றிக்கடனும் கடன், காலைக்கடனும் கடன்!

ஆக, கொடுக்க வேண்டியது மெல்ல 'செய்ய வேண்டியது' ஆனது. செய்தே ஆகவேண்டியது எப்படியும் நடக்கும் அல்லவா? அப்படியே எதிர்காலமும் ஒட்டிக்கொண்டது. 14-ம் நூற்றாண்டு விக்ளிஃப் பைபிளில் லத்தீன் எதிர்காலத்துக்கெல்லாம் 'ஷல்'தான். பிறகு 1653-ல் ஜான் வாலிஸ் தன் இலக்கணப் புத்தகத்தில் 'ஷல்', 'வில்' இரண்டையும் ஆள் வாரியாகப் பிரித்தார். கணக்கில் முடிவிலிக் குறியைத் தந்தாரே, அவரேதான். நம் பள்ளி விதி அங்கிருந்து வந்தது.

கோர்ட்டுக்குப் போனால்தான் வேடிக்கை. 1880-ல் இங்கிலாந்தில், ஒரு பாதிரியார் மீதான புகாரை பிஷப் விசாரித்தே ஆகவேண்டுமா என்று வழக்கு. சட்டத்தில் இருந்தது 'இட் ஷல் பி லாஃபுல்'. பிரபுக்கள் சபை சொன்னது: இது அதிகாரம் மட்டுமே, கட்டாயம் இல்லை.

இந்தியாவில் விளைவு இன்னும் கடுமை. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க அரசியல் சாசனத்தின் 320-வது பிரிவு 'ஷல்' போட்டுச் சொல்கிறது. சரியாகக் கலந்தாலோசிக்காமல் தன்னைத் தண்டித்ததாக உத்தரப் பிரதேச ஊழியர் ஒருவர் வழக்குப் போட்டார். 1957-ல் உச்சநீதிமன்றம், இந்த 'ஷல்' வழிகாட்டுதல்தான், மீறினாலும் உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அரசு ஜெயித்தது, ஊழியர் தோற்றார். ஒரு மனிதரின் வேலையே ஒரு துணைவினையில் தொங்கியிருக்கிறது!

இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் தென்னாப்பிரிக்கா 1996 அரசியல் சாசனத்தில் 'மஸ்ட்' போட்டது. அமெரிக்க சிவில் நடைமுறை விதிகளிலும் 2007-ல் 'ஷல்'லை நீக்கினார்கள். ஒரு விதியில் மட்டும் அதற்குப் பதில் வைத்த 'ஷுட்' அர்த்தத்தை மாற்றிவிடுமோ என்று பயந்து, 2010-ல் பழைய 'ஷல்'லையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நண்பர்களே, நாளைக்கு வேலை ஒப்பந்தத்திலோ வீட்டு வாடகைப் பத்திரத்திலோ கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு 'ஷல்'லிலும் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கணக்குப்பிள்ளையின் கேள்வியைக் கேளுங்கள்: யாருக்கு யார் என்ன பாக்கி? பதில் தெளிவாக இல்லையென்றால், பேனாவை மூடி வையுங்கள்.